செவிக்குரிய தமிழ்: வானொலிச் செய்தி மொழிபெயர்ப்பு குறித்த ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

மொழிபெயர்ப்பைப் பற்றிய தமிழ்த் திறனாய்வுகள் பெரும்பாலும் நூல்களையே பொருளாகக் கொண்டுள்ளன. வங்கத்திலிருந்தும் உருசியத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் தமிழுக்கு வந்த புதினங்கள், கவிதைகள், அறிவியல் நூல்கள் ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. நாள்தோறும் மொழிபெயர்க்கப்பட்டு, ஒருமுறை ஒலித்து மறைந்துபோன வானொலிச் செய்தியறிக்கை அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. எழுத்தறியாதவரும் துய்த்த மொழிபெயர்ப்பு அது. நூலாக நிலைபெறாமையால் அது திறனாய்வாளரின் பார்வைக்கு எட்டாமல் போயிற்று எனலாம்.

வானொலிச் செய்தித் தமிழ் குறித்து எழுந்த கருத்துகளும் இருவகையில் அடங்கிவிடுகின்றன. ஒருசாரார் அதனை ஆங்கிலத் தொடரைத் தமிழ்ச் சொற்களால் போர்த்திய செயற்கை நடை என்று ஒதுக்கினர். மற்றொரு சாரார் தெளிவான ஒலிப்புக்கும் தூய நடைக்கும் அதனை முன்மாதிரியாகப் போற்றினர். இரண்டும் அரை உண்மைகள். கேட்பவர் திரும்பிப் பார்க்க இயலாத ஓர் ஊடகத்தில், வினையை இறுதியில் கொள்ளும் ஒரு மொழி எவ்வாறு செயல்பட வேண்டும் என்னும் வினாவுக்கு நாள்தோறும் விடை காண முயன்ற துறை அது. அம்முயற்சியின் பேறுகளையும் குறைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. எழுத்தை இயந்திரங்கள் படித்துக் காட்டத் தொடங்கியுள்ள இக்காலத்தில் அவ்வினா மீண்டும் உயிர்பெற்றுள்ளது என்பதும் இங்குக் கருதத்தக்கது.

1. ஒலிபரப்பும் இந்திய மொழிகளும்

இந்தியாவில் முறையான ஒலிபரப்பு 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் தொடங்கியது. 1936இல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்னும் பெயர் ஏற்பட்டது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கப்பெற்றன. 1947இல் விடுதலை பெற்றபோது இந்தியாவின் பங்கில் இருந்தவை ஆறு நிலையங்களே. அவற்றுள் இரண்டு தமிழ் வழங்கும் பகுதியில் இருந்தன. பிற்காலத்தில் 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் ஒலிபரப்பும் அளவுக்கு அந்நிறுவனம் வளர்ந்தது.

இவ்வளர்ச்சியுடன் மொழிச் சிக்கல்களும் வளர்ந்தன. விடுதலைக்கு முன் வடநாட்டுச் செய்திகள் 'இந்துஸ்தானி' என்னும் பெயரால் ஒலித்தன. அதன் சொற்கள் பாரசீகச் சார்புடையனவா, வடமொழிச் சார்புடையனவா என்ற பூசல் 1940களில் கடுமையாக எழுந்தது. விடுதலைக்குப்பின் இந்தியும் உருதும் தனித்தனிச் செய்தியறிக்கைகளாகப் பிரிந்தன. இந்திச் செய்தி வடமொழிச் சொற்களை மிகுதியாக ஏற்றது. அதே காலத்தில் இலங்கை வானொலியின் வணிக ஒலிபரப்பில் 1952 முதல் அமீன் சயானி பேசிய எளிய இந்துஸ்தானி, வடநாட்டு நேயர்களின் உள்ளத்தைக் கவர்ந்தது. அரசு ஒலிபரப்பின் மொழியும் நேயர் விரும்பிய மொழியும் ஒன்றாக இல்லை என்பதற்கு அஃது ஒரு சான்று.

நிறுவனத்தின் பெயரே மொழிச் சிக்கலாயிற்று. 1935இல் மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி நடத்திய சிறு நிலையத்துக்கு 'ஆகாஷ்வாணி' என்னும் பெயர் வழங்கியது. 1957 முதல் அது நாடு தழுவிய ஒலிபரப்பின் பெயராயிற்று. தமிழில் 'வானொலி' என்ற சொல் ஆழ வேரூன்றியிருந்தமையால், அறிவிப்பில் எதனைச் சொல்வது என்ற பூசல் தமிழகத்தில் எழுந்தது. 2023 மே மாதத்தில் ஆங்கிலப் பெயரை விடுத்து 'ஆகாஷ்வாணி' என்பதையே வழங்கவேண்டும் என்ற ஆணை வெளியானபோதும் தமிழகத்தில் மறுப்புகள் எழுந்தன. பெயர் குறித்த இவ்விவாதம் பலமுறை நிகழ்ந்துள்ளது. பெயருக்குப்பின் வரும் செய்தியின் தொடரமைப்பு குறித்த விவாதம் அந்த அளவுக்கு நிகழவில்லை.

2. தொடரமைப்பு: கண்ணும் செவியும்

தில்லியில் பொதுச் செய்திப் பிரிவு ஆங்கிலத்தில் வரைவு உருவாக்கும். மொழிப் பிரிவுகள் அதனைத் தத்தம் மொழியில் பெயர்த்து வாசிக்கும். பல பத்தாண்டுகள் நிலவிய முறை இது. பின்னாளில் நடிகராகப் புகழ்பெற்ற பூர்ணம் விசுவநாதனும், 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசாமியும் தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்தவர்களுள் பலர் அறிந்த குரல்கள். பெயர்ப்பும் வாசிப்பும் அடுத்தடுத்து, மிகக் குறுகிய நேரத்தில் நிகழ்ந்தன. பெயர்த்த தொடர் வாயில் தடுக்கினால் அப்போதே தெரிந்துவிடும். நூல் மொழிபெயர்ப்பாளர்க்கு இல்லாத ஒரு தேர்வு இது.

ஆங்கிலத் தொடரில் எழுவாயும் வினையும் முதலில் வந்து, விளக்கங்கள் பின்தொடரும். தமிழில் அடைகள் முன்வர, பெயர் பின்வரும். வினை இறுதியில் நிற்கும். எனவே ஆங்கிலத்தின் நீண்ட தொடர் ஒன்றை ஒரே தமிழ்த் தொடராகப் பெயர்த்தால் அது தலைகீழாகத் திரும்பிவிடும். விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்ட பின்வரும் தொடரைக் காண்க:

'வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மேற்கொள்ளப்பட்டுவரும் நிவாரணப் பணிகளைப் பார்வையிடச் சென்ற மத்தியக் குழுவினர் அளித்த இடைக்கால அறிக்கையின் அடிப்படையில் கூடுதல் நிதி ஒதுக்க அரசு முடிவு செய்துள்ளது.'

இலக்கண வழுவற்ற இத்தொடரில் இருபது சொற்கள் உள்ளன. 'பாதிக்கப்பட்ட', 'மேற்கொள்ளப்பட்டுவரும்', 'சென்ற', 'அளித்த' என நான்கு பெயரெச்சங்கள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. செய்தியின் உயிரான 'கூடுதல் நிதி' பதினைந்தாம் சொல்லில் தொடங்குகிறது. 'அரசு' என்னும் எழுவாய் பதினெட்டாம் சொல்லாக வருகிறது. நாளிதழில் படிப்பவர் கண்ணைப் பின்னோக்கி ஓட்டித் தொடரைக் கூட்டிக்கொள்வார். கேட்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. பதினான்கு சொற்களை, அவை எதற்கு அடை என்று அறியாமலேயே, அவர் நினைவில் சுமக்க வேண்டியுள்ளது.

இதே செய்தி செவிக்குரியதாக அமையும்போது நான்கு தொடர்களாகும்: 'வெள்ள நிவாரணத்துக்கு அரசு கூடுதல் நிதி ஒதுக்குகிறது. பாதிக்கப்பட்ட மாவட்டங்களை மத்தியக் குழு பார்வையிட்டது. அக்குழு இடைக்கால அறிக்கை அளித்துள்ளது. அதன் அடிப்படையில் இம்முடிவு எடுக்கப்பட்டுள்ளது.' சொற்களின் எண்ணிக்கை ஏறத்தாழ அதுவே. பெயரெச்சங்களின் இடத்தில் முற்றுவினைகள் வந்துள்ளன. 'அக்குழு', 'அதன்', 'இம்முடிவு' என்னும் சுட்டுகள் தொடர்களைப் பிணைக்கின்றன. நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும் இவ்வமைப்பே காணப்படும். ஒரு வினை முடிந்தபின் அதனையே பற்றிக்கொண்டு அடுத்த தொடர் தொடங்கும். நல்ல வானொலிச் செய்தி ஆங்கில வரைவிலிருந்து செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, தொடரைத் தமிழின் வாய்மொழி மரபிலிருந்து பெற்றது என்பதே இதனால் பெறப்படும்.

பிறர் கூற்றைத் தழுவும் தொடர்களில் சிக்கல் மேலும் நுட்பமானது. 'எதிர்க்கட்சிகளின் குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று அமைச்சர் கூறினார்' என்னும் தொடரில், 'என்று' ஒலிக்கும் வரை அத்தீர்ப்பு வாசிப்பவரின் தீர்ப்பாகவே செவியில் படுகிறது. தாளில் அமைச்சரின் பெயர் அதே கண்வீச்சில் புலப்படும். செவியிலோ அது காலத்தால் பிந்துகிறது. அரசு ஒலிபரப்பில் இப்பிந்துதல் சிறு செய்தியன்று. கூறியவரை முதலில் நிறுத்தி, 'அமைச்சர், அக்குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று கூறினார்' என அமைப்பதே நேர்மையான பெயர்ப்பு. கூறல் வினையின் தேர்வும் இத்தகையதே. 'கூறினார்' என்பது நடுநிலைச் சொல். 'சுட்டிக்காட்டினார்' என்பது கூறப்பட்டது உண்மையென முன்னரே ஏற்றுக்கொள்கிறது. 'ஒப்புக்கொண்டார்' என்பது கூறியவர்மேல் ஒரு பிழையையும் ஏற்றுகிறது. ஒரே சொல் திரும்பத்திரும்ப வருவதைத் தவிர்க்கும் நடையழகு நோக்கில் இவற்றை மாற்றிமாற்றி வழங்குதல் பொருளைத் திரிப்பதாகும்.

எதிர்மறையும் தமிழில் இறுதியிலேயே வருகிறது. 'நாளை பள்ளிகள் இயங்கும் என்று பரவிய தகவல் உண்மையில்லை' என்னும் அறிவிப்பு, இரைச்சல் மிகுந்த சிற்றலையில் இறுதிச் சொல் தேய்ந்தால், நேர்மாறான பொருளைத் தரும். 'நாளை பள்ளிகளுக்கு விடுமுறை' என்று உடன்பாட்டில் தொடங்குவதே செவிக்குரிய வழி. மூலத்துக்கு உண்மையாயிருத்தல் என்பது மூலத்தின் வாய்பாட்டைப் பின்பற்றுவதில் அடங்கிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுவதில்லை.

செயப்பாட்டுவினை இத்துறையின் பெருங்குறை. 'முடிவு செய்யப்பட்டுள்ளது', 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது', 'கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்னும் வாய்பாடுகளில் செய்தவர் மறைந்துவிடுகிறார். ஆங்கில அலுவலக நடையிலிருந்து இறங்கிய இவ்வழக்கு, அரசின் குரலாக இயங்கிய ஒலிபரப்பில் வசதியான மறைவிடமும் ஆயிற்று. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடிநிலைக் காலத்தில் செய்தியின் உள்ளடக்கமே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதன் பின்னர் எழுந்த தன்னாட்சிக் கோரிக்கை 1990இல் பிரசார் பாரதிச் சட்டமாகி, 1997இல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மாறியபின்னும் அந்த வினைவாய்பாடு மாறவில்லை. மேலே திருத்தி அமைத்த தொடர்களிலும் 'எடுக்கப்பட்டுள்ளது' என்பது தானாகவே வந்து அமர்ந்துவிட்டது; இவ்வழக்கு எத்துணை ஆழமாகப் பழகிவிட்டது என்பதை அதுவே காட்டும்.

3. எழுத்தும் ஒலிப்பும்

தமிழ் எழுத்துமுறை வல்லினத்தின் ஒலிப்புடைய வடிவத்துக்கும் ஒலிப்பில்லா வடிவத்துக்கும் தனித்தனிக் குறிகளைக் கொள்ளவில்லை. தமிழ்ச் சொற்களில் அதற்குத் தேவையும் இல்லை. சொன்முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் ஒலிப்பின்றியும், மெல்லினத்தை அடுத்து ஒலிப்புடனும் வருதல் இடத்தால் அறியப்படும். பிறமொழிப் பெயர்களில் இவ்வொழுங்கு நில்லாது. 'பாட்னா', 'பரோடா' ஆகிய இரண்டும் பகரத்தில் தொடங்கினும் ஒலிப்பு வேறு. 'கான்பூர்', 'கோவா' ஆகியவற்றின் முதலெழுத்தும் அவ்வாறே. 'சண்டிகர்', 'சிம்லா' என்பவற்றின் சகரமும் ஒன்றாக ஒலிப்பதில்லை.

அச்சில் இவ்வேறுபாட்டைப் படிப்பவரிடமே விட்டுவிடலாம். வாசிப்பவர் அவ்வாறு விட இயலாது. ஒன்றைத் தெரிந்தெடுத்தே ஆகவேண்டும். ஆகவே வானொலி வாசிப்பாளர் எழுத்துக்கு ஒலி தருபவராக மட்டும் இருக்கவில்லை. எழுத்து சொல்லாமல் விட்டதை முடிவுசெய்பவராகவும் இருந்தார். உலகின் ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் தமிழில் எவ்வாறு ஒலிக்கும் என்பதற்கு நாடெங்கும் கேட்ட ஒரு பொதுவழக்கு இவ்வழியில் உருவாயிற்று. அகராதியில் பதியப்படாத ஓர் ஒலிப்பு அகராதி அது.

எண்களைப் பெயர்த்த முறையும் நினைக்கத்தக்கது. அயல்நாட்டுச் செய்தியில் வரும் 'மில்லியன்' தமிழில் பத்து லட்சமாக மாறவேண்டும். 2,47,386 என்பது தாளில் ஒரே பார்வையில் அடங்கும். வாயால் சொல்லும்போது 'இரண்டு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று எண்பத்தாறு' என நீண்டு, முடியும்போது தொடக்கம் மறந்துபோகும். 'ஏறக்குறைய இரண்டரை லட்சம்' என்பதே மனத்தில் நிற்கும். அரை, கால், முக்கால் என்னும் பின்னங்களை முழு எண்ணோடு ஒரே சொல்லாகப் பிணைக்கும் ஆற்றல் தமிழின் இயல்பான செல்வம். அதனைப் பயன்கொண்ட செய்தி எளிதில் விளங்கியது. இலக்கங்களை அப்படியே அடுக்கிய செய்தி செவியில் நில்லாது போயிற்று.

4. சொற்றேர்வும் மதிப்புநிலையும்

இருபதாம் நூற்றாண்டில் பொதுத்தமிழின் சொற்கோவை பெரிதும் மாறியது. அபேட்சகர் வேட்பாளரானார், காரியதரிசி செயலாளரானார், அக்கிராசனர் தலைவரானார், ஜில்லா மாவட்டமாயிற்று, மந்திரி அமைச்சரானார், ஜனாதிபதி குடியரசுத் தலைவரானார். இம்மாற்றத்தை வானொலி தொடங்கிவைக்கவில்லை. தனித்தமிழ் இயக்கம், திராவிட இயக்க மேடைகள், ஆட்சிமொழிச் சட்டம், பாடநூல்கள், இதழ்கள் ஆகியவை அதன் ஊற்றுக்கண்கள். புதிய சொல்லைப் படிக்கத் தெரியாதவரின் செவிக்கும் கொண்டுசேர்த்ததே வானொலியின் பங்கு. 'வேட்பாளர்' என்பதை அச்சில் கண்டிராத ஒருவர், தேர்தல் நாளில் அதனைப் பலமுறை கேட்டுப் பொருளுணர்ந்தார்.

சொல் நடுநிலையானது என்ற எண்ணத்தையும் வானொலியின் வரலாறு ஐயுறச் செய்கிறது. 'மத்திய அரசு' என்னும் தொடர் நெடுங்காலம் செய்தித் தமிழில் வினாவின்றி ஒலித்தது. 2021 மே மாதத்தில் தமிழகத்தில் ஆட்சி மாறியபின், அரசமைப்பின் முதற்கூறு இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்று குறிப்பதை எடுத்துக்காட்டி, மாநில அரசு 'ஒன்றிய அரசு' என்று வழங்கலாயிற்று. ஒரே ஆங்கிலத் தொடருக்கு இரு பெயர்ப்புகள். எதனைத் தெரிந்தாலும் அரசியல் நிலைப்பாடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மொழிபெயர்ப்பாளர் இங்குச் சொற்பொருளை மட்டும் நோக்கித் தப்பிவிட முடியாது.

மதிப்பு விகுதியில் வானொலி மேற்கொண்ட நெறி பாராட்டுக்குரியது. பழைய நாளிதழ்கள் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'கைது செய்யப்பட்டான்' என்று எழுதின; வறியவரையும் கூலித் தொழிலாளரையும் ஒருமையில் சுட்டுவதும் இயல்பாயிருந்தது. வானொலிச் செய்தியோ அனைவர்க்கும் 'ஆர்' விகுதியையே பெரும்பாலும் வழங்கியது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு இல்லை. மூலம் எவ்வழியும் காட்டவில்லை. பெயர்ப்பவரே தெரிந்தெடுக்கவேண்டிய இடத்தில் அவர் குடிமகனை மதிக்கும் வடிவத்தைத் தெரிந்தெடுத்தார். இலக்கணத்தின் வழியாக நிகழ்ந்த ஒரு சமூகச் செயல் இது.

5. பேச்சுவழக்கின் இடம்

சார்லஸ் பெர்குசன் 1959இல் இரட்டை வழக்கு நிலையை வரையறுத்தபின், தமிழும் அவ்வகையில் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றது. செய்தி உயர்வழக்கிலும் நாடகமும் உரையாடலும் பேச்சுவழக்கிலும் அமைதல் வானொலியின் எழுதப்படாத பங்கீடு. இப்பங்கீடு எல்லா இடத்தும் பொருத்தமாக அமைந்தது எனக் கூறவியலாது.

1956இல் புணேயை ஒட்டிய மாவட்டங்களின் 150 சிற்றூர்களில், யுனெஸ்கோவின் துணையுடன் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பெற்றன. ஊரார் கூடிக் கேட்டனர், கேட்டதை விவாதித்தனர், வினாக்களை நிலையத்துக்கு எழுதினர். ஒலிபரப்பு அவ்விடத்தில் ஒருவழிப் பாதையாக நின்றுவிடவில்லை. 1960களில் தஞ்சைப் பகுதியில் ஏடிடீ 27 என்னும் நெல்வகை, திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் பரவி, 'ரேடியோ நெல்' என்றே உழவரால் அழைக்கப்பட்டது. எழுத்தும் எண்ணுமாக இருந்த ஆய்வுநிலையப் பெயரை விட்டுத் தாம் கேட்டறிந்த வாயிலையே உழவர் பெயராக்கிக்கொண்டனர். கலைச்சொல்லாக்கக் குழுக்கள் கருதத்தக்க நிகழ்வு இது. பயன்படுத்துவோர் தாமே இடும் பெயர் அகராதியின் ஒப்புதலுக்குக் காத்திருப்பதில்லை.

வேளாண் நிகழ்ச்சியில் வழங்கிய தமிழ் அதே நிலையத்தின் செய்தியறிக்கைக்குள் நுழையவில்லை. இலங்கை வானொலியின் தமிழ் அறிவிப்பாளர்கள் உயர்வழக்கின் ஒலிப்புத் தெளிவையும் நேயருடன் உரையாடும் நெருக்கத்தையும் ஒருங்கே கையாண்டனர். தமிழகத்தில் அவர்களுக்கு வாய்த்த வரவேற்பு, இரண்டும் முரணானவை அல்ல என்பதை மெய்ப்பித்தது. உயர்வழக்கைக் கைவிடாமலேயே செய்தித் தொடரைப் பேச்சின் ஓட்டத்துக்கு அணுக்கமாக்க முடிந்திருக்கும். அவ்வாய்ப்பு முழுமையாகப் பயன்கொள்ளப்படவில்லை.

6. வானிலை எச்சரிக்கை: ஒரு சோதனைக்களம்

செவிக்குரிய மொழிபெயர்ப்பு தவறினால் நேரும் இழப்பை வானிலை எச்சரிக்கையில் தெளிவாகக் காணலாம். இந்திய வானிலை ஆய்வுத்துறை, காற்றின் வேகத்தைக் கொண்டு கடற்சுழற்சிகளை வகைப்படுத்துகிறது. மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் குறைந்தது 'காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி'. அதற்கு மேற்பட்டது 'தாழ்வு மண்டலம்'. பின்னர் 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்'. 62 கிலோமீட்டரை எட்டினால் 'புயல்'. இவை கருத்தளவில் பிழையற்ற பெயர்ப்புகள். 'தாழ்வு' என்ற சொல் மூன்றிலும் வருகிறது. 'பகுதி', 'மண்டலம்' என்பவை பொதுவழக்கில் இடத்தையே குறிக்கும். எது கடுமையானது என்பதைச் சொல்லிலிருந்து கேட்பவர் உய்த்துணர வழியில்லை. இயல்பான மொழியுணர்வில் 'தாழ்வு' என்பது குறைவைக் காட்டுவதால், இடர் மிகுவதை அச்சொல் உணர்த்துவதும் அரிது.

மழையின் அளவும் இவ்வாறே. ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் முதல் 'கனமழை', 115.6 முதல் 'மிகக் கனமழை'; 204.4க்கு மேல் 'அதிகனமழை'. ஆங்கிலத்தில் பின்னிரு நிலைகளுக்கும் வழங்கும் அடைகளுக்கிடையே ஏறுவரிசை உண்டு. தமிழில் 'மிக', 'அதி' ஆகிய இரண்டும் ஒரே பொருளின. ஒன்று தமிழ், மற்றொன்று வடமொழி. எது பெரிது என்பதை அகராதியும் கூறாது. கேட்பவர்க்கு இரண்டும் ஒன்றே. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறக்குறியீடுகளும், துறைமுகங்களில் ஏற்றப்படும் எண்ணிட்ட புயல் எச்சரிக்கைக் கூண்டுகளும் விரைவாகப் பொருள் தருதற்குக் காரணம், அவற்றின் வரிசை பழக்கத்தால் அறியப்பட்டமையே. 'பத்தாம் எண் கூண்டு' என்றால் கடற்கரையூரில் விளக்கம் தேவையில்லை.

சொல் மட்டும் உயிர்காக்கும் என்று கூறுதல் மிகையாகும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, குமரி மாவட்டத்தின் மீனவர் பலர் ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை உரிய காலத்தில் சென்றடையவில்லை. அங்குத் தவறியது மொழியினும் ஊடகமே. ஆயினும் சென்றடையும் எச்சரிக்கை விளங்காதுபோனால் அதுவும் சென்றடையாததற்கு நிகராகும். கடலோர மக்களின் வழக்கில் காற்றுக்கும் கடலின் நிலைக்கும் நுட்பமான சொற்கள் பல உள்ளன. வானிலைத் துறையின் தமிழ்ச் சொற்கோவை அவர்களைக் கேட்டு உருவானால், அளவையின் துல்லியமும் செவியின் தெளிவும் ஒன்றுசேர வழிபிறக்கும்.

7. மாறிய ஊடகமும் இயந்திரக் குரலும்

சென்னைத் தொலைக்காட்சி 1975இலும் தனியார் தமிழ்த் தொலைக்காட்சி 1993இலும் தொடங்கின. படம் வந்தபின் தொடரின் சுமை குறைந்தது. கண்ணுக்கும் செவிக்கும் வெவ்வேறு செய்திகள் ஒரே நேரத்தில் வழங்கப்பட்டன. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரலில் நிறைவுற்றது. அகில இந்திய வானொலியின் தமிழ்ச் செய்திப் பணியும் தில்லியிலிருந்து தமிழகத்துக்கு இடம்பெயர்ந்தது. ஒரு குரலை ஊரே கேட்ட காலம் முடிந்து, ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் வெவ்வேறு குரல்களைக் கேட்கும் காலம் வந்தது.

இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் காண்பது நேர்மையன்று. ஒரே குரல் என்பது ஒரே அரசின் குரலாகவும் இருந்தது. வட்டார வழக்குகளும், செய்தியறிக்கையில் இடம்பெறாத மக்களின் பேச்சும் இன்று தடையின்றி ஒலிக்கின்றன. இதற்கிடையில் தமிழில் பெயர்த்து உரக்கச் சொல்லும் பணி மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு நகரத் தொடங்கியது. 2022இல் தொடங்கப்பெற்ற 'பாஷிணி' திட்டம் இந்திய மொழிகளுக்கிடையே எழுத்தையும் பேச்சையும் பெயர்க்கும் நோக்கமுடையது. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் பிரதமரின் இந்தி உரை அதன்வழி உடனுக்குடன் தமிழில் ஒலித்தது. 2024 மே மாதத்தில் தூர்தர்ஷனின் உழவர் அலைவரிசை, செயற்கை நுண்ணறிவால் இயங்கும் இரு செய்தி வாசிப்பாளர்களை அறிமுகம் செய்தது. கைப்பேசிகளுக்கு நேரடியாக இடர் எச்சரிக்கை அனுப்பும் சோதனைகள் 2023இல் நாடெங்கும் நடைபெற்றன.

இக்கருவிகளின் ஆற்றலை மறுக்கவேண்டியதில்லை. அவை பெரும்பாலும் எழுத்துத் தமிழிலிருந்து கற்கின்றன என்பதே கவலைக்குரியது. எழுத்துத் தமிழில் நாளிதழ்த் தொடரும் அரசாணைத் தொடரும் மிகுதி. கண்ணுக்காக எழுதப்பட்ட இருபது சொல் தொடர், இனிய செயற்கைக் குரலில், தடுமாற்றமின்றி வாசிக்கப்படும். மனித வாசிப்பாளர்க்கு மூச்சு வாங்கும். தொடர் நீண்டால் நா குழறும். அக்குழறலே தொடரைத் திருத்தும் தூண்டுதலாயிற்று. இயந்திரத்துக்கு மூச்சு இல்லை. 'பரோடா'வின் பகரத்தையும், 'என்று'க்குப்பின் வரும் 'கூறினார்' என்பதன் பொறுப்பையும் அது புள்ளியியலால் தீர்க்கும். தவறு நேர்ந்தால் வினவுதற்கு ஒருவர் இருக்கமாட்டார். பழைய செய்தியறிக்கையின் தொடக்கத்தில் வாசிப்பவரின் பெயர் சொல்லப்பட்டமை வெறும் சடங்காக இருக்கவில்லை. இச்சொற்களுக்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் உண்டு என்னும் அறிவிப்பாகவும் அது விளங்கியது.

8. முடிவுரை

வானொலிச் செய்தித் தமிழ் குறைகள் உடையது. செயப்பாட்டு வாய்பாட்டில் அது அதிகாரத்துக்கு மறைவிடம் தந்தது. பேச்சின் ஓட்டத்தைச் செய்திக்குள் போதிய அளவு ஏற்கவில்லை. கலைச்சொற்களைக் கேட்பவரிடம் சோதித்துப் பார்க்கவில்லை. ஆயினும் தொடரை முறித்தல், கூறியவரை முன்னிறுத்தல், எதிர்மறையைத் தவிர்த்தல், எண்ணை எளிதாக்கல், ஒலிப்பை முடிவுசெய்தல், யாவரையும் மதிப்பு விகுதியால் சுட்டுதல் என்னும் நெறிகளை அதன் நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் நடைமுறையில் உருவாக்கினர். அந்நெறிகள் முறையான பாடமாகத் தொகுக்கப்படாமல், வாசித்தவர்களின் பழக்கத்திலேயே தங்கிவிட்டன.

மொழிபெயர்ப்புக் கல்வி நூற்பெயர்ப்பையே அளவுகோலாகக் கொள்ளும் நிலை மாறவேண்டும். செவிக்குரிய பெயர்ப்பு தனிப் பாடமாக அமைதல் வேண்டும். எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகளும் வரைவுகளும் ஒப்பிட்டு ஆராயப்படவேண்டும். இயந்திரப் பெயர்ப்பை மதிப்பிடுவோர் திரையில் படித்து மட்டும் மதிப்பெண் இடாமல், எழுத்தறியாத ஒருவர் ஒருமுறை கேட்டு என்ன விளங்கிக்கொண்டார் என்று வினவவேண்டும். கடலுக்குச் செல்லுமுன் ஒருவர் கேட்கும் அறிவிப்பு அவர்க்கு மறுமுறை கிடைப்பதில்லை. முதல்முறையே விளங்கும் தொடரை ஆக்கித் தருவது, இயந்திரம் வாசித்தாலும் மனிதர் வாசித்தாலும், மொழிபெயர்ப்பாளரின் கடமையாகவே நிற்கும்.